சேலத்திலிருந்து சென்னைக்கு வீடு மாற்றம்: பேக்கர்ஸா, 407 மினிலாரியா, பார்சலா, விற்றுவிட்டுப் போவதா?

ஏப்ரல் முடிந்து பள்ளி ரிசல்ட் வரும் சமயத்தில் சேலத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனுக்குச் சென்னையில் வேலை, அல்லது அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர், குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். பேக்கர்ஸ் கம்பெனிக்காரர் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து ஒரு தொகை சொல்லிவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு அண்ணன், "அட, அதுல பாதிக்கு நம்ம பையன் 407 எடுத்துட்டு வருவானுங்க" என்கிறார். மாமியார், "இந்தப் பழைய கட்டிலுக்கு லாரி வாடகையா? வித்துட்டுப் போங்க" என்கிறார். மூவர் சொல்வதும் நியாயமாகவே படுகிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியவில்லை.

இந்த ஒப்பீடு சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் இரண்டு படுக்கையறை வீட்டை மனதில் வைத்து எழுதியது. பெங்களூருக்கோ கோவைக்கோ போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது?

பெரும்பாலோர் ரேட்டை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ரேட் என்பது சாலையில் ஆகும் செலவைத்தான் சொல்கிறது. சாலைச் செலவு கணக்கிடச் சுலபமானது, யாரும் அதில் பெரிதாக ஏமாற்ற முடியாது. பணம் எகிறுவது இரண்டு வாசல்களில்: இங்கே சேலத்தில் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ வண்டி நுழைய முடியாத சந்தில், அங்கே லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளால் எடைபோடுங்கள்:

- வாசலிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து மாடிக்கும் தூக்குவது யார் பொறுப்பு? கூலி யார் கணக்கு?
- உடைந்தால் யார் கொடுப்பார்? எதை வைத்துக் கேட்பீர்கள்?
- சாமான் எந்த நாள் வந்து சேரும் என்பது உறுதியா?
- எவ்வளவு சாமான் என்பதில் நீங்கள் தெளிவாக இருக்கிறீர்களா?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுச் சாமானுக்கு வண்டியை நிர்ணயிப்பது பெரும்பாலும் எடை இல்லை, அது அடைக்கும் இடம்தான். பித்தளைப் பாத்திரம் ஒரு மூட்டை கனமானது, ஆனால் ஒரு மூலையில் அடங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலி, மெத்தை, பரண்மேல் கிடக்கும் காலி அட்டைப்பெட்டிகள் இவைதான் வண்டியை நிரப்புகின்றன. பரணை இறக்கிப் பார்க்காமல் யாரையும் ரேட் கேட்காதீர்கள்.

## வழி 1: பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்

கட்டுவது, ஏற்றுவது, கொண்டுபோவது, இறக்குவது, கட்டிலை மறுபடி பூட்டித் தருவது எல்லாம் ஒருவர் தலையில். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, கைக்குழந்தை உள்ள வீடு, லீவு கிடைக்காத வேலை என்றால் இதற்கு ஈடில்லை.

மறைசெலவு எங்கே? முதலில் ஜி.எஸ்.டி. கட்டுவதையும் சேர்த்துச் செய்யும் கம்பெனிகள் வழக்கமாக 18 சதவீதம் போடுகின்றன. வாயால் சொல்லும் தொகையில் அது பெரும்பாலும் இருக்காது. அடுத்து, 'இன்ஷூரன்ஸ்' என்று ஒரு தொகை. நீங்கள் சொல்லும் சாமான் மதிப்பில் சில சதவீதம் கேட்பார்கள். அது நிஜமாகவே ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியா, அல்லது கம்பெனி தன் பில்லிலேயே எழுதிக்கொள்ளும் தொகையா என்று கேளுங்கள். பாலிசி என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரோடு ஒரு தாள் வரும். தாள் தர மறுத்தால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

'இ-வே பில் செலவு' (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டுக்கு) என்றும் சிலர் கேட்பதுண்டு. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. டிரைவர் கையில் சாமான் பட்டியலும், 'சொந்த உபயோகப் பொருள், விற்பனைக்கு அல்ல' என்று உங்கள் கையெழுத்திட்ட கடிதமும் இருந்தால் போதும். பிரிக்காத புது டி.வி. போகிறது என்றால் அதன் பில்லை மட்டும் கூட வையுங்கள்.

இந்தத் துறையில் ஒரு தொந்தரவு உண்டு. இணையத்தில் மிகக் குறைந்த ரேட் சொல்லி அட்வான்ஸ் வாங்கி, சாமான் வண்டியில் ஏறிய பிறகு 'அளவு அதிகம்' என்று கூடுதல் கேட்பது. சாமான் அவர்கள் கையில், நீங்கள் பஸ்ஸில். இதற்கு ஒரே தடுப்பு, போனில் ரேட் வாங்காமல் ஆளை வீட்டுக்கு வரவழைத்துப் பார்க்கச் சொல்வதும், பட்டியலோடு எழுத்தில் வாங்குவதும், பெருந்தொகையை இறக்கி முடித்த பிறகே கொடுப்பேன் என்று முன்கூட்டியே பேசிவிடுவதும். ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால் கம்பெனியின் பெயரும் முகவரியும் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

சாமான் குறைவாக இருந்தால் இதே கம்பெனிகள் 'ஷேரிங் லோடு' என்று மலிவாகச் சொல்வார்கள். உங்கள் சாமானோடு இன்னும் இரண்டு வீட்டுச் சாமானும் ஒரே வண்டியில் போகும். லோடு சேரும்வரை குடோனில் கிடக்கும், ஏறி இறங்கும் தடவை கூடும், தேதி நிச்சயமில்லை. பாத்திரமும் துணியும் மட்டும் என்றால் பரவாயில்லை. கண்ணாடி ஷோகேஸ் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## வழி 2: நாமே வண்டி பிடிப்பது

சேலம்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, நம்மைச் சுற்றி லாரித் தொழில் இருக்கிறது. சங்ககிரியும் நாமக்கல்லும் பக்கம். வண்டிக்குப் பஞ்சமில்லை.

எந்த வண்டி? ஒரே அறைச் சாமான் என்றால் குட்டியானை தாங்கும், ஆனால் 340 கிலோமீட்டருக்கு அதை நான் விரும்புவதில்லை. இரண்டு படுக்கையறைக்கு 407 நெருக்கமாக இருக்கும், 14 அடி ஐச்சர் லாரி தாராளமாக இருக்கும். இரண்டுக்கும் வாடகை வித்தியாசம் சின்னதாக இருந்தால் பெரியதையே எடுங்கள். திணித்து ஏற்றும்போதுதான் ஃபிரிட்ஜ் கதவு நசுங்குகிறது.

பேரம் பேச ஒரு அடிக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். லோடு ஏற்றிய ஐச்சர் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தால் ஒரு வழிக்கு 42, 43 லிட்டர் டீசல், ஏறத்தாழ நாலாயிரம் ரூபாய். வழியில் மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், அப்புறம் உளுந்தூர்பேட்டை தாண்டி விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று ஆறு டோல்கேட். (இந்த ஆத்தூர் நம் மாவட்டத்து ஆத்தூர் இல்லை, திண்டிவனத்தைத் தாண்டி வருவது.) டிரைவர் பேட்டா, வண்டிக்காரர் லாபம் அதற்கு மேல். உள்ளூர் வண்டி காலியாகத் திரும்ப வேண்டும் என்பதால் டீசலும் டோலும் இரு வழிக்கும் உங்கள் தலையில் விழும்.

அதனால்தான் ரிட்டன் வண்டி. சென்னையிலிருந்து சரக்கு கொண்டுவந்து இங்கே இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் லோடு தேடும் வண்டி. அவருக்குக் காலியாகப் போவதைவிட எது கிடைத்தாலும் லாபம்.

"ஏனுங்கண்ணா, மெட்ராஸ் ரிட்டன் வண்டி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க தம்பி. ஆனா நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள ஏத்தியாகணும். அவன் நிக்க மாட்டான்."

லாரி புக்கிங் ஆபீஸில் இந்தப் பேச்சு இப்படித்தான் போகும். மலிவு, ஆனால் நேரம் உங்கள் கையில் இல்லை. பெட்டிகளெல்லாம் கட்டி முடித்து, வீட்டில் பாயும் ஒரு பாத்திரமும் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தவருக்கே ரிட்டன் வண்டி சரிப்படும்.

இனி வாசல் கணக்கு. வண்டிக்காரர் சொல்வது வண்டி வாடகை மட்டும். ஏற்றுகூலி தனி, இறக்குகூலி தனி. சேலத்தில் லோடுமேன்களை டிரைவரே கூட்டிவந்துவிடுவார். சென்னையில் யார் இறக்குவது? இதை யோசிக்காமல் போனால் தாம்பரத்திலோ மடிப்பாக்கத்திலோ காலை ஆறு மணிக்கு வண்டியை நிறுத்திக்கொண்டு ஆள் தேடுவீர்கள். தேடுபவரின் அவசரம் கேட்பவருக்குத் தெரிந்துவிடும், ரேட் அதற்கேற்ப ஏறும். சேலத்து லோடுமேன் இருவரை வண்டியிலேயே அழைத்துப்போய், கூலியும் திரும்பும் பஸ் செலவும் கொடுப்பது பல சமயம் மலிவாக முடியும்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். பேக்கர்ஸ் 28,000 சொல்கிறார், 407 அண்ணன் 14,000 சொல்கிறார். சரி பாதி. பேக்கர்ஸ் தொகைக்கு 18 சதவீதம் சேர்த்தால் 33,040. அண்ணன் கணக்கில் ஏற்றுகூலி 3,000, மூன்றாவது மாடிக்கு இறக்குகூலி 4,500, அட்டைப்பெட்டி, பபிள் ஷீட், டேப், கயிறு 2,500, டிரைவர் சாப்பாடு, வெயிட்டிங் என்று 1,000 சேர்த்தால் 25,000. பாதியாகத் தெரிந்தது முக்கால் ஆகிவிட்டது. அந்த எட்டாயிரம் மிச்சம்தான் நீங்கள் செய்யும் வேலைக்கும் தாங்கும் ரிஸ்க்குக்கும் கூலி. அது போதுமா என்பது உங்கள் இடுப்பு வலியைப் பொறுத்தது.

கட்டுவதில் இரண்டு விஷயம். ஃபிரன்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கியபோது பின்பக்கத்திலிருந்து நீளமான போல்ட்டுகளைக் கழற்றி ஒரு கவரில் கொடுத்திருப்பார்கள். அதை மறுபடி பூட்டாமல் ஏற்றினால் டிரம் வழிநெடுக ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். அந்தக் கவரை இப்போதே தேடுங்கள், கிடைக்காவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது பீரோ. ஸ்டீல் பீரோ பெரும்பாலும் ஆறரை அடி உயரம். சென்னை வீட்டு மாடிப்படி திரும்பும் இடத்தை டேப்பால் அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். பீரோ திரும்பாது என்பது அங்கே போய்த் தெரிந்தால், கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்ற ஒரு தனி ரேட், அதையும் ரோட்டில் நின்று பேச வேண்டும்.

வண்டி கிளம்பும் நேரமும் முக்கியம். சென்னை நகருக்குள் கனரக வண்டிகளுக்குப் பகலில் நேரக் கட்டுப்பாடு உண்டு. இங்கே மாலையில் ஏற்றி இரவில் கிளப்பினால் விடியற்காலை போய்ச் சேர்ந்து, நெரிசல் தொடங்கும் முன் வண்டி உங்கள் தெருவுக்குள் போய்விடும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவிலும் சாமான் ஒரு பக்கமாகச் சாயும், மேல் அடுக்கையும் கயிறு போட்டு இறுக்க வேண்டும். எஸ்டேட் பாதையில் ஐச்சர் திரும்ப இடமில்லையென்றால், பிக்கப்பில் இறக்கிச் சேலத்தில் பெரிய வண்டிக்கு மாற்றுங்கள். மாற்றும் கூலியைப் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

## வழி 3: லாரி பார்சல், ரயில்

பத்துப் பதினைந்து பெட்டி, ஒரு சைக்கிள், ஒரு மிக்ஸி கிரைண்டர் என்று போகிறவர்களுக்கு இது போதும். கல்யாணமாகாத பையன், ஹாஸ்டல் மாறும் பெண், முதல் வேலைக்குப் போகிறவர்கள். செவ்வாய்பேட்டை, லீ பஜார் பக்கத்து பார்சல் ஆபீஸில் போட்டுவிட்டு எல்.ஆர். காப்பி (லாரி ரசீது) வாங்கிக்கொண்டால் அங்கே குடோனில் போய் எடுக்கலாம். 'டோர் டெலிவரி' இல்லாவிட்டால் குடோனிலிருந்து வீட்டுக்கு ஒரு குட்டியானை வாடகை, பல சமயம் பார்சல் கட்டணத்துக்கே அது நெருங்கிவிடும்.

எல்.ஆர். காப்பியைத் தொலைக்காதீர்கள். சாலைவழிச் சரக்குக்கு 2007-ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது. பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ, நீங்கள் அதிக மதிப்பை அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாதவரை, அவர்கள் பொறுப்பு கட்டிய கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 500 ரூபாய் கட்டி அனுப்பிய பெட்டிக்கு அதிகபட்சம் 5,000. அதனுள் லேப்டாப் இருந்தது என்று பின்னால் சொல்லிப் பயனில்லை. வழக்குப் போட வேண்டுமென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

பைக்குக்கு ரயில் நல்ல வழி. ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸ் நகல், அடையாள அட்டை கொடுத்து, பெட்ரோலை முழுக்க வடித்து, சாக்கும் வைக்கோலும் வைத்துக் கட்டி ஏற்ற வேண்டும். கட்டிக்கொடுக்க அங்கேயே ஆள் இருப்பார்கள், அது தனிக் காசு. சேலத்தில் பெரும்பாலான ரயில்கள் சில நிமிடம்தான் நிற்கும், பார்சல் வேனில் இடமில்லையென்றால் உங்கள் பைக் அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் பெயரில்தான் நம்முடையது, புறப்படுவது ஈரோட்டில். சேலத்திலிருந்தே கிளம்பும் எழும்பூர் ரயிலில் ஏற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

## வழி 4: விற்றுவிட்டுப் போவது

மாமியார் சொன்னது பாதி சரி. பிளைவுட் கட்டில், கம்ப்யூட்டர் டேபிள், பத்து வருட சோபா இவை ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே தளர்ந்துவிடும். ஒவ்வொரு பொருளையும் இப்படிக் கேளுங்கள்: இதை இங்கே விற்றால் என்ன வரும், அங்கே இதேபோல் பழையது வாங்க என்ன ஆகும்? அந்த வித்தியாசம், வண்டியில் அது அடைக்கும் இடத்தின் வாடகையைவிடக் குறைவாக இருந்தால் விற்றுவிடலாம்.

தேக்குக் கட்டில், ஸ்டீல் பீரோ, வெண்கலப் பானை, கல் உரல் இவற்றை விற்பவர்கள் பின்னால் வருந்துவதைத்தான் பார்த்திருக்கிறேன். அதே தரத்தில் வாங்கப் போனால் விலை மூச்சடைக்க வைக்கும். ஏ.சி. விஷயம் தனி. கழற்ற ஒரு கூலி, மாட்ட ஒரு கூலி, செப்புக் குழாய் நீளம் போதாவிட்டால் அது, கேஸ் குறைந்தால் அது. ஏழெட்டு வருடம் ஓடிய ஏ.சி. என்றால் நான் இங்கேயே கொடுத்துவிடுவேன்.

விற்பதில் மறைசெலவு அவசரம்தான். கிளம்பும் வாரத்தில் விற்றால் காயலான் கடை விலைதான் கிடைக்கும். ஒரு மாதம் முன்பே படம் எடுத்துப் போட்டு, தெருவில் நாலு பேரிடம் சொல்லிவையுங்கள்.

## ஒரே பார்வையில்

| | பேக்கர்ஸ் | சொந்தமாக வண்டி | பார்சல், ரயில் | விற்றுவிட்டு |
|---|---|---|---|---|
| தூக்குவது யார் | கம்பெனி | நீங்கள் பிடிக்கும் லோடுமேன் | ஆபீஸ் வரை நீங்கள் | வாங்குபவர் |
| மறைசெலவு | ஜி.எஸ்.டி., இன்ஷூரன்ஸ், 'அளவு அதிகம்' | இறக்குகூலி, வெயிட்டிங், கட்டும் பொருள் | குடோனிலிருந்து வீட்டுக்கு வண்டி | அவசர விலை, அங்கே புதிதாக வாங்குவது |
| உடைந்தால் | பாலிசி இருந்தால் கேட்கலாம் | பெரும்பாலும் உங்கள் தலையில் | கட்டணத்தின் பத்து மடங்கு வரை | கவலையில்லை |
| தேதி உறுதி | தனி வண்டி என்றால் உண்டு | உள்ளூர் வண்டி உண்டு, ரிட்டன் இல்லை | இல்லை | உங்கள் கையில் |
| யாருக்கு | முதியவர், கைக்குழந்தை உள்ள வீடு | கைக்கு நாலு ஆள் உள்ள குடும்பம் | தனியாள் | இரண்டு வருடத்துக்குள் மறுபடி மாறுபவர் |

இரண்டு வழியைக் கலப்பதுதான் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது என் கட்சி. மூன்றில் ஒரு பங்கை விற்றுவிட்டால் ஐச்சர் தேவைப்படும் வீடு 407-இல் அடங்கும், பைக் ரயிலில் போகும். அலுவலகம் செலவைக் கொடுக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பேக்கர்ஸ். பில் இல்லாமல் ஆபீஸில் பணம் வாங்க முடியாது, 407 அண்ணன் கொடுக்கும் துண்டுச்சீட்டு அங்கே செல்லாது.

## பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள்

வண்டிச் செலவைவிடப் பெரிய இடி அட்வான்ஸ். சென்னை வீட்டு அட்வான்ஸைச் சாவி வாங்கும்போதே கொடுக்க வேண்டும். சேலத்து வீட்டு ஓனர் காலி செய்து, பெயின்ட் அடிக்கக் கழித்துக்கொண்டு, சில சமயம் அடுத்த வாடகைக்காரர் வந்த பிறகே திருப்புவார். இடையில் இரண்டு அட்வான்ஸும் வெளியே கிடக்கும், ஒரு மாதம் இரண்டு வாடகை ஓடும். கடன் வாங்க வேண்டிவருவது பெரும்பாலும் இந்த இடைவெளிக்குத்தான்.

அபார்ட்மென்ட் என்றால் குடிவரும் கட்டணம் உண்டா, ஞாயிறு சாமான் ஏற்ற விடுவார்களா, லிஃப்டில் ஃபிரிட்ஜ் ஏற்றலாமா என்று செக்ரட்டரியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கேஸ் சிலிண்டரைச் சாமான் வண்டியில் ஏற்றாதீர்கள். சேலத்து ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் (இணைப்பை முடித்ததற்கான சீட்டு) வாங்க வேண்டும், டெபாசிட் திரும்ப வரும். சென்னையில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பு எடுக்கும்போது இன்றைய டெபாசிட் கட்ட வேண்டும். 14.2 கிலோ சிலிண்டருக்கு அது 2022-இல் 1,450-லிருந்து 2,200 ஆனது. பழைய இணைப்பு என்றால் கையிலிருந்து கூடுதல் போடத்தான் வேண்டும்.

பெங்களூருக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு செலவு. சென்னைக்குப் போனால் டி.என். 30 (சேலம் பதிவு) வண்டி அப்படியே ஓடும். கர்நாடகாவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அதற்கு இங்கே ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, அங்கே சாலை வரி. கார் வைத்திருப்பவர்களுக்கு இது வீடு மாற்றும் மொத்தச் செலவையே தாண்டிவிடலாம்.

## எப்போது?

ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம்மவர்கள் வீடு மாறத் தயங்குவார்கள். அதனால் அந்த மாதங்களில் வண்டியும் ஆளும் சுலபமாகக் கிடைப்பார்கள், ரேட்டும் பேசலாம். மே, ஜூன் மாதக் கடைசியில் நேர் எதிர். சாஸ்திரம் பார்ப்பவர்கள் ஆனி கடைசியில் சென்னை வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, ஆடியில் சாமானை அனுப்புகிறார்கள். ஒரு மாத இரட்டை வாடகையை வண்டி மிச்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நஷ்டம்தான். ஆடியில் ஏற்றுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கோட்டை மாரியம்மன் திருவிழா, குகைப் பகுதியின் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) நாட்களில் பழைய சேலத்துத் தெருக்களுக்குள் லாரி நுழையவே முடியாது.

நவம்பர் இறுதி, டிசம்பர் தொடக்கம் மழைக்காலம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது, விழுப்புரம் பக்கம் அரசூரில் வெள்ளம் புகுந்து சென்னை நெடுஞ்சாலையே துண்டானது. அந்த வாரங்களில் போக வேண்டியிருந்தால் மூடிய கன்டெய்னர் வண்டி கேளுங்கள். திறந்த வண்டிதான் கிடைத்தது என்றால், தார்ப்பாயை நீங்களே விரித்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஏற்றச் சொல்லுங்கள். மெத்தை நனைந்துவிட்டால் அந்த மழையில் காய வைக்கச் சென்னையில் மொட்டைமாடி கிடைக்காது.